ஏட்டில் ஏறாத மலைப் பிள்ளைகள்

மலையில் பால்வாடிக்குப் பிள்ளைகள் வருவதில்லையாம்! வராத பிள்ளைக்கு மையம் எதற்கு, ஆயாம்மா எதற்கு, அடுப்பும் அண்டாவும் எதற்கு என்று கேட்கிறார்கள் கணக்குப் பார்க்கும் கனவான்கள். பக்கத்து மையத்தோடு சேர்த்துவிட்டால் சிக்கனம் என்று யோசனையும் சொல்லுகிறார்கள். மலைவாழ் ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது, என்ன செய்தாலும் திருந்த மாட்டார்கள் என்று ஒரு பெருமூச்சும் விடுகிறார்கள்.

இந்தப் பேச்சை ஜவ்வாது மலை அடிவாரத்து டீக்கடையிலும் கேட்கலாம். ஆபீஸ் மேஜைக்குப் பின்னாலும் கேட்கலாம். இரண்டு இடத்திலும் கையில் பிடித்திருக்கும் ஆதாரம் ஒன்றுதான்: மையத்து ஏடு. சேர்ந்தவர் இத்தனை, வந்தவர் இத்தனை, கழித்தால் மிச்சம் இத்தனை. தீர்ந்தது வழக்கு!

அந்த ஏட்டைத் தூக்கி எறியச் சொல்ல நாம் வரவில்லை. நன்றாகவே புரட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்லுகிறோம். ஏட்டில் யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை? இல்லாத பெயர் ஏன் இல்லை? மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் கனவான்களுக்கு நா எழுவதில்லை. ஏனென்றால் அதற்குப் பதில் மலையில் இல்லை. சென்னைக் கோட்டையிலும் டில்லியிலும் இருக்கிறது.

ஒரு மலை, மூன்று கலெக்டர்

முன்னே ஜவ்வாது மலை வட ஆற்காடு என்ற ஒரே ஜில்லாவுக்குள் கிடந்தது. இன்று மூன்று ஜில்லாக்களில் சிதறிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியம் திருவண்ணாமலை ஜில்லா. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு மூன்றும், 2019ல் வேலூரைப் பிரித்த பிறகு, திருப்பத்தூர் ஜில்லா. பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் பாலாம்பட்டும் வேலூர் ஜில்லா. மலை ஒன்று. ஜனம் ஒன்று. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இந்த மலை முழுவதிலும் எத்தனை பேர் என்று கேட்டால், மூன்று ஆபீஸ் படியேறி மூன்று காகிதம் வாங்கிக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம் அரை மைலில் மையம் இருந்தாலும், இந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கத்து ஏட்டில்தான் ஏற வேண்டும். அந்த மையம் நாலு மைல் தள்ளி இருந்தாலும் சரி!

இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ் பேசும் மலைக் குடியானவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக் கதை. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7,94,697 பேர். அதில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். பழங்குடிகளில் இவர்களே பெரிய கூட்டம். ஜாதிப் பட்டியல் என்ற கூத்தைப் பாருங்கள்: பழைய வட ஆற்காடு, சேலம், தர்மபுரி முதலான ஜில்லாக்களில் இருக்கும் மலையாளி பழங்குடி, அதே ஜனம் ஈரோடு ஜில்லா பர்கூர் மலையில் இருந்தால் பழங்குடி அல்ல! கோடு போட்டவன் கையில் கோல் இருந்தது, கண் இல்லை.

தலை எண்ணும் சட்டம்

மலையில் ஊர் என்றால் கீழத்தஞ்சை ஊர் போல நூறு வீடு ஒரு தெருவில் நிற்காது. சாமைக் கொல்லை இருக்கும் இடத்தில் பதினைந்து வீடு. ஓடை தாண்டி இருபது வீடு. அந்த மேட்டுக்கு மேலே முப்பது வீடு. நிலம் அப்படி, பிழைப்பு அப்படி.

சர்க்காரின் விதி என்ன சொல்லுகிறது? தரைநாட்டில் 400 முதல் 800 ஜனத்துக்கு ஓர் அங்கன்வாடி. மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 300 முதல் 800 ஜனத்துக்கு ஒன்று. பார்த்தீர்களா, மலைக்கு நூறு தலை தள்ளுபடி! அதற்கும் குறைந்தால், 150 முதல் 300 ஜனத்துக்கு ஒரு குறு மையம். அதற்கும் கீழே? அதற்கும் கீழே ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது வீடு உள்ள ஒரு குக்கிராமம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 120 பேர். குறு மையத்துக்குக் கூட முப்பது தலை குறைகிறது. 2011 கணக்கில் தமிழ்நாட்டு ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கு ஆறு வயது வரையிலான குழந்தைகள். அந்த விகிதத்தில் பார்த்தாலும் இந்தக் குக்கிராமத்தில் பன்னிரண்டு குழந்தைகள் இருக்கும். இந்தப் பன்னிரண்டும் காற்றில் கரைந்து போகுமா? போகாது. அடுத்த குக்கிராமத்து மையத்தின் ஏட்டில் எழுதப்படும். நடுவே இரண்டு ஓடை, ஒரு மேடு, கரடி நடமாடும் காட்டுப் பாதை. மூன்று வயதுப் பிள்ளை அதைத் தனியே கடந்து போகுமா? தாய் தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி, மறுபடி சாயங்காலம் போய் அழைத்து வந்தால் அன்றைய கூலி போயிற்று. கூலிக்குப் போனால் பிள்ளை வீட்டில். அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில்.

இப்போது ஏட்டைப் பாருங்கள். சேர்ந்தவர் பன்னிரண்டு, வந்தவர் பூஜ்யம். அக்காள் படிக்கும் பள்ளியின் ஏட்டையும் பாருங்கள். அங்கேயும் ஒரு பெயருக்கு நேரே வரவில்லை என்று குறி. ஒரு மையம் இல்லாத குற்றத்துக்கு இரண்டு ஏட்டில் தண்டனை! இதற்குத்தான் மலை ஜனத்தின் அக்கறையின்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எந்த ஜனத்தொகையை வைத்து இந்தத் தலைகளை எண்ணுகிறார்கள்? கடைசியாகக் கணக்கு எடுத்தது 2011ல். 2021ல் எடுக்க வேண்டிய கணக்கை எடுக்கவில்லை. 2027 மார்ச் 1ஐ வைத்து எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். 2011ல் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு இப்போது மீசை அரும்புகிறது. அவன் தொட்டிலை அளந்து அவன் தம்பி தங்கைகளுக்குப் பால்வாடி!

இந்த 300, 150 என்பது மலைக்குப் பொருந்தாது என்று நாம் மட்டும் சொல்லவில்லை. மத்திய சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. 2023 நவம்பரில் பிரதமர் பெயரால் ஜன்மன் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களே, அவர்கள் குடியிருப்பில் 100 பேர் இருந்து மையம் இல்லாவிட்டால் அங்கன்வாடி தரலாம் என்று அதில் விதி. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு கூட்டத்தார் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பதை நாம் இரு கை கூப்பி வரவேற்கிறோம். இன்னும் சேர வேண்டியது நிறைய. ஆனால் மலையாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. நீலகிரியில் நூறு பேருக்கு மையம் தேவை என்று புரிந்த மூளைக்கு, ஜவ்வாது மலையில் ஏன் புரியவில்லை? ஓடை ஒன்றுதானே? மூன்று வயதுப் பிள்ளையின் கால் நீளம் இரண்டு மலையிலும் ஒன்றுதானே?

பிள்ளைகள் எங்கே போயின?

இன்னொரு கூட்டம் பிள்ளைகள் உண்டு. ஏட்டில் பெயர் இருக்கும். ஆடி ஆவணியில் வருவார்கள். சாமை அறுத்து முடிந்ததும் காணாமல் போவார்கள். எங்கே போனார்கள்? அப்பனும் அம்மாளும் போன இடத்துக்குப் போனார்கள். குடகுக் காபித் தோட்டம், தரைநாட்டுக் கரும்பு வெட்டு, பெங்களூர் கட்டட வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி. ஆலைத் தோழர்களே, உங்கள் பக்கத்து மிஷினில் நிற்கும் மலைக்காரத் தோழரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பிள்ளை பகலில் எங்கே இருக்கிறது என்று.

மலையில் பிழைப்பு இருந்தால் எவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவான்? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதே, நினைவிருக்கிறதா? அதில் ஜவ்வாது மலைத் தோழர்களும் பிணமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களை அங்கே அனுப்பியது ஏஜெண்டுகளின் ஆசை வார்த்தை மட்டுமல்ல, காலியான அடுப்பு.

இப்படிப் போகும் பிள்ளை, போன இடத்தில் ஏட்டில் ஏறுகிறதா? 1948ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தபோதே பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதி போட்டார்கள். முதலில் 50 பெண்களுக்கு மேல் என்றும், 1976ல் 30 பெண்களுக்கு மேல் என்றும் வைத்தார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் காப்பகம் இருந்தது. தொழிலாளி வர்க்கம் போராடியதால் வந்த விதிகள் இவை. ஆனால் காண்டிராக்டர் மூலம் மூன்று மாதத்துக்கு வந்த மலைக்காரி முதலாளியின் பதிவேட்டிலேயே இல்லை. அவள் பிள்ளை காப்பகத்தின் பதிவேட்டில் எப்படி இருக்கும்? மலையில் பெயர் அடிக்கப்பட்டது, தோட்டத்தில் எழுதப்படவில்லை. இந்தத் தேசத்தில் பிறந்த பிள்ளை ஒன்று ஆறு மாத காலம் எந்த ஏட்டிலும் இல்லாமல் இருக்கிறது. ஆனால் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் சொல்லுகிறார், பிள்ளை குறைந்துவிட்டது என்று!

முகம் காட்டினால்தான் மாவு

ஏட்டுக்குப் பதிலாக இப்போது போன் வந்திருக்கிறது. போஷன் டிராக்கர் என்ற கணக்கை 2021 மார்ச்சில் மத்திய சர்க்கார் தொடங்கியது. 2025 ஜூலை 1 முதல் ஒரு புது உத்தரவு: வீட்டுக்கு எடுத்துப் போகும் சத்துணவை வாங்க வரும் கர்ப்பிணியும், கைக்குழந்தைத் தாயும் போன் முன்னால் முகம் காட்ட வேண்டும். ஆதார் படத்தோடு முகம் பொருந்தினால்தான் கொடுத்ததாகக் கணக்கு ஏறும்.

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. போனில் எழுதினால் ஏட்டில் எழுதுவதை விட வேகம் என்றால் எழுதட்டும். ஆனால் ஜவ்வாது மலையில் போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது? ஊருக்கு மேலே பாறை ஏறிப் போனால் கிடைக்கிற இடமும் உண்டு, அங்கேயும் கிடைக்காத இடமும் உண்டு. எட்டு மாதக் கர்ப்பிணியைப் பாறைமேல் ஏற்றி முகம் காட்டச் சொல்லுகிறதா சர்க்கார்? பிள்ளைக்கு ஆதார் எடுக்கப் பிறப்புச் சான்று வேண்டும். வீட்டிலேயே பிரசவமான குக்கிராமத்தில் அந்தச் சான்று வாங்க மலை இறங்கி ஏற வேண்டும். ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் எதையும் மறுக்கக் கூடாது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோர்ட்டின் தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. மாவு மூட்டையும் போனும் மலையில் இருக்கின்றன.

பயனாளிகள் எண்ணிக்கை குறைந்தது என்று நாளை ஒரு புள்ளிவிவரம் வரும். போலிப் பெயர்களை ஒழித்துவிட்டோம் என்று ஒரு மந்திரி மார் தட்டுவார். எத்தனை போலி ஒழிந்தது, எத்தனை உயிருள்ள குழந்தை ஒழிந்தது என்று பிரித்துக் காட்டச் சொல்லி நாம் இப்போதே கேட்டு வைக்கிறோம்.

முற்றத்தைத் தேடிப் போன பள்ளிக்கூடம்

அங்கன்வாடி என்ற சொல் எங்கிருந்து வந்தது? நம் ஜனங்கள் சொல்லும் பால்வாடியும் சர்க்கார் சொல்லும் அங்கன்வாடியும் இரண்டுமே மராட்டிய நாட்டிலிருந்து வந்தவை. அங்கன் என்றால் முற்றம். அந்தக் கதையை இந்த அதிகாரிகள் கொஞ்சம் படித்தால் நல்லது.

தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற ஊரில் கிராமக் குழந்தைகளுக்கான கல்வி நிலையம் தொடங்கினார். அவரோடு அனுதாய் வாக் என்ற அம்மையாரும் சேர்ந்தார். பின்னால் 1957ல் பக்கத்துக் கோஸ்பாட் குன்றுக்குப் போனார்கள். சுற்றிலும் வார்லி என்ற பழங்குடி மக்கள். நிலையத்தைக் கட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருந்தால் பிள்ளைகள் வரவில்லை. குடிசைகள் தூரம், தாய் தகப்பன் கூலிக்குப் போய்விட்டார்கள், பெரிய பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விட்டார்கள்.

அந்த அம்மையார்கள் என்ன செய்தார்கள்? வார்லிகளுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை எழுதினார்களா? இரண்டு நிலையத்தை ஒன்றாக்கினார்களா? பிள்ளை வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று குடிசை முற்றத்துக்கே போனார்கள். முற்றத்தில் நடந்த கூடம், ஆகவே அங்கன்வாடி. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள்.

அதே 1945ல் அதே வட்டாரத்தில்தான் வார்லிகள் கிசான் சபையின் செங்கொடியின் கீழ் எழுந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலப்பிரபுவுக்கு வெட்டி வேலை செய்ய மாட்டோம் என்று கோதாவரி பருலேகர், ஷாம்ராவ் பருலேகர் ஆகிய தோழர்களின் தலைமையில் நிமிர்ந்தார்கள். அம்மையார்களின் வழி வேறு, கிசான் சபையின் வழி வேறு. ஆனால் கூலிக்காரன் நிமிராத ஊரில் கூலிக்காரன் பிள்ளைக்குப் பள்ளி நிலைக்காது என்பது நம் அபிப்பிராயம்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம். இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரத்துக்கு அருகே வில்லா செல்லா என்ற கிராமம். 1945ல் யுத்தம் முடிந்ததும் ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் குடியானவர்களும் தொழிலாளர்களும் தங்கள் கையாலேயே குழந்தைப் பள்ளி கட்டினார்கள். பிறகு 1963ல் ரெஜியோ நகரசபையே குழந்தைப் பள்ளிகளை நடத்த ஆரம்பித்தது. உலகமெங்கும் இருந்து இன்று அதைப் பார்க்கப் போகிறார்கள். ஏழைக்கு அக்கறை இல்லை என்று எந்தத் தேசத்துக் கனவான் சொன்னாலும் பொய்தான்.

நம் மலைக்கு வருவோம். 1975 அக்டோபர் 2ல், தேசம் முழுவதற்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அங்கன்வாடி என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்தவர்கள் முற்றத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையிடம் போவதற்காகப் பிறந்த கூடம், இப்போது 300 தலை கூடினால்தான் பிறக்கும் கூடமாகிவிட்டது!

யார் பிள்ளைக்கு எது?

தரைநாட்டிலும் பால்வாடி ஏட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். கொஞ்சம் வசதி வந்தவன் பிள்ளையைக் கான்வென்ட் வேனில் ஏற்றிவிட்டான். மிஞ்சியிருப்பது விவசாயத் தொழிலாளி பிள்ளை, சேரிப் பிள்ளை, கைம்பெண்ணின் பிள்ளை. 1982 ஜூலை 1ல் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து அந்தச் சோறும், பிறகு சேர்ந்த வாரம் மூன்று முட்டையும் இந்தப் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தச் சோற்றை இகழ்ந்து பேசுகிறவர்கள் பசி அறியாதவர்கள். ஆனாலும் 2019–21 குடும்ப நலச் சர்வேயில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தேசம் முழுவதும் பழங்குடிக் குழந்தைகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 41 பேர்!

ஏழைப் பிள்ளைக்கும் எல்.கே.ஜி. தருகிறோம் என்று 2019 ஜனவரியில் ராஜ்ய சர்க்கார் 2,381 மையங்களில் வகுப்புத் தொடங்கியது. நல்லது. எந்த மையங்கள்? அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்தில் இருக்கும் மையங்கள். மலைக் குக்கிராமத்தில் நடுநிலைப்பள்ளி வளாகத்துக்கு எங்கே போவது? அந்த வகுப்புகளையும் 2022ல் மூடப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, மாதம் 5,000 ரூபாய்க்கு ஆசிரியைகளை வைத்து ஒப்பேற்றினார்கள். தனியார் பள்ளியில் நூற்றுக்கு 25 இடம் ஏழைக்கு, கட்டணம் சர்க்கார் கட்டும் என்று 2009 கல்விச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு. கோவையிலோ வேலூரிலோ குடியிருப்பவனுக்கு அதனால் பலன் உண்டு. எட்டும் தூரத்தில் தனியார் பள்ளியே இல்லாத மலைப் பிள்ளைக்கு நூற்றுக்கு 25 என்றால் என்ன, நூறு என்றால் என்ன?

இதற்கெல்லாம் வேர் ஒன்று இருக்கிறது. அரசியல் சட்டம் எழுதியபோது 45வது ஷரத்தில், 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று எழுதினார்கள். அதில் மூன்று வயதுப் பிள்ளையும் அடக்கம். 2002ல் 86வது திருத்தம் கொண்டு வந்து கல்வியை உரிமையாக்கிவிட்டோம் என்று மேளம் கொட்டினார்கள். யாருக்கு உரிமை? ஆறு முதல் 14 வரை. ஆறுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு? சர்க்கார் முயலும். 2009 சட்டம் வந்தது. அதில் மூன்று முதல் ஆறு வரை உள்ள பிள்ளைக்கு? சர்க்கார் ஏற்பாடு செய்யலாம். முயலும், செய்யலாம்! முதலாளிக்கு வரிச்சலுகை தரும் சட்டத்தில் இந்த மாதிரி வார்த்தையை நாம் கண்டதில்லை.

டீச்சரைத் திட்டாதீர்கள்

சில தோழர்களும் கூட, டீச்சர் நேரத்துக்கு வருவதில்லை, அதனால்தான் பிள்ளை வருவதில்லை என்கிறார்கள். வராத டீச்சரும் சில இடத்தில் உண்டு. ஆனால் அவள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சோறு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைப்பது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, போனில் ஏற்றுவது, தேர்தல் வேலை, இதற்கு நடுவே பாட்டும் கதையும். குறு மையத்தில் உதவியாளரும் கிடையாது. குழந்தையின் மலம் கழுவியவளே வந்து சோறும் வடிக்க வேண்டும்.

இவளுக்குச் சர்க்கார் தருவது சம்பளம் அல்லவாம், மதிப்பூதியமாம். 1975ல் மெட்ரிக் படித்த ஊழியருக்கு மாதம் 150 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் தன் கணக்கில் பெரிய மையத்து ஊழியருக்கு 4,500, குறு மையத்து ஊழியருக்கு 3,500, உதவியாளருக்கு 2,250 என்று நிர்ணயித்தது. அடுத்த ஆறு வருஷமும் அதே தொகைதான். அரிசி விலையும் பஸ் கட்டணமும் அப்படியே நின்றனவா? ராஜ்ய சர்க்கார் அதன்மேல் தன் பங்கைப் போடுகிறது, அவ்வளவுதான். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் வழக்காடி வாங்கிய தீர்ப்பு. இடம் காலியாகக் கிடந்த கதை வேறு: 2025ல் தமிழ்நாட்டில் ஒரே உத்தரவில் 7,783 காலி இடங்களை நிரப்ப அனுமதித்தார்கள். சுமார் 54 ஆயிரம் மையங்கள் உள்ள ராஜ்யத்தில் இத்தனை நாற்காலி காலியாக இருக்கும் வரை, அந்த மையத்துப் பிள்ளைகள் எந்தக் கணக்கில் இருந்தார்கள்?

பணம் இல்லையாம்

மலையில் மூலைக்கு மூலை மையம் வைக்கப் பணம் இல்லை என்பார்கள். 2015–16 பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் இந்தத் திட்டத்துக்கான ஒதுக்கீட்டை ஏறத்தாழப் பாதியாக வெட்டியது. அதே பட்ஜெட்டில் கம்பெனி வரியை 30 சதத்திலிருந்து 25 சதமாகக் குறைக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். பணம் இல்லாத லட்சணம் இது.

இதே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வானத்தைப் பார்க்க 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமரே வந்து திறந்து வைத்தார். நாட்டிலேயே அன்று அதுதான் பெரியது. நல்ல காரியம், நம் விஞ்ஞானிகளால் நமக்குப் பெருமை. கோடி கோடி மைல் தள்ளி இருக்கும் மங்கலான நட்சத்திரத்தை எண்ண இந்த மலை உதவுகிறது. மலை மேலேயே இருக்கும் மூன்று வயதுப் பிள்ளையை எண்ண முடியவில்லை என்கிறார்களே, அதைத்தான் நம்மால் ஜீரணிக்க முடியவில்லை.

அக்கறை இல்லாத ஜனம் என்றார்களே! ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024ல் சிவில் நீதிபதித் தேர்வில் தேறியபோது எல்லா மந்திரிகளும் வாழ்த்தினார்கள். பிள்ளை பெற்ற இரண்டாம் நாளில் போய்ப் பரீட்சை எழுதிய பெண். அவர் பள்ளிப் படிப்புக்காகக் குடும்பமே ஏலகிரி மலைக்குப் போய் இருக்க வேண்டி வந்தது என்பதை வாழ்த்தியவர்கள் சொல்லவில்லை. 2023 மே மாதம் வேலூர் ஜில்லா அல்லேரி மலைப் பக்கம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ரோடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் இறந்தது. ஆம்புலன்ஸ் பாதியிலேயே இறக்கிவிட, தாய் பிணத்தைச் சுமந்து மலையேறினாள். அந்தத் தாய்க்கு அக்கறை இல்லை என்று சொல்லும் வாய் எது?

ஊர் ஊராகச் செய்ய வேண்டியது

மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் காலம் போயிற்று. 2006 டிசம்பர் 13ல் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று உத்தரவிட்டது. தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முதலிடம் என்றும் சொன்னது. சர்க்காரும் கேட்டால் தரும் மையங்கள் என்று 20 ஆயிரத்தைத் திட்டத்தில் எழுதி வைத்தது. 40 என்பதும் தரைநாட்டுக் கணக்குத்தான். பக்கத்துப் பக்கத்துக் குக்கிராமங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, நடுவில் எங்கே மையம் வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் எட்டும் என்று தாங்களே இடம் குறித்துக் கேட்க வேண்டும். மலைக்கு 100 தலை என்ற விதியை மலையாளிகளுக்கும் விஸ்தரிக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. குறு மையங்களை உதவியாளரோடு முழு மையமாக்க வேண்டும் என்பது இன்னொன்று. அதற்கு மத்தியத் திட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

இடம் காட்டு நிலம், வனத்துறை விடாது என்று சொல்லிச் சமாளிப்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3வது பிரிவைக் காட்டுங்கள். ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தைக் கிராம சபை சிபாரிசின் பேரில் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கன்வாடிக்கும் கொடுக்கலாம் என்று அங்கன்வாடியைப் பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான்.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு நோட்டு வாங்கிக் கணக்கெடுக்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெயர், வயது, தாய் பெயர், மையத்துக்கு எத்தனை தூரம், நடுவில் எத்தனை ஓடை, வருஷத்தில் எத்தனை மாதம் குடும்பம் வெளியூரில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட அக்காள் யார் என்று எழுத வேண்டும். வெளியூர் போன குடும்பத்தின் பிள்ளையை விட்டுவிடக் கூடாது. போன ஊரையும் எழுதுங்கள். திருப்பூர், கோவைப் பஞ்சாலைத் தோழர்கள் தங்கள் பக்கத்தில் இருக்கும் மலைக் குடும்பத்துப் பிள்ளைகளை அதே மாதிரி எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு நோட்டையும் ஒத்துப் பார்த்தால் காணாமல் போன பிள்ளை அகப்படும். நோட்டைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். மூன்று ஜில்லாவின் கலெக்டர்களுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்குத் தேதி போட்டு முத்திரையுடன் ரசீது வாங்காமல் யாரும் ஆபீஸ் படி இறங்க வேண்டாம். மூன்று மாதம் என்பது அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.